சேவைகள் எல்லாம் இணையத்துக்குப் போனால் நகரத் திட்டமிடல் எப்படி மாற வேண்டும்?

வங்கி, பில் கட்டுவது, கடை எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டால் தெருவில் நெரிசல் குறையும் என்று நினைப்போம். அப்படி நடப்பதில்லை. நாம் கடைக்குப் போவதற்குப் பதில் டெலிவரி வண்டி நம் தெருவுக்கு வருகிறது. இரண்டு நிமிடம் நிற்க இடமில்லாமல் சைக்கிள் பாதையை மறித்து நிற்கும். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஆகவே முதலில் கவனிக்க வேண்டியது சாலையோரத்தைத்தான். நாள் முழுக்க கார் நிற்கும் இடத்தில் கொஞ்சத்தைப் பொருள் இறக்குவதற்கென்று நேரம் குறித்து ஒதுக்கலாம்.

அப்புறம், காலியாகும் கட்டடங்கள். மூடிய வங்கிக் கிளையைக் கிளினிக்காக மாற்ற அனுமதிக்கு அலையவிட்டால் ஷட்டர் இறங்கியேதான் கிடக்கும். இங்கிலாந்து 2020-ல் கடை, வங்கி, அலுவலகம், கிளினிக் போன்றவற்றை ஒரே பயன்பாட்டு வகைக்குள் கொண்டுவந்தது; அதனால் ஒன்றை இன்னொன்றாக மாற்றத் தனித் திட்ட அனுமதி வேண்டியதில்லை. ஆனால் தளர்வுக்கும் எல்லை வேண்டும். வாடிக்கையாளர் நுழையவே முடியாத டெலிவரிக் கிடங்குகள் குடியிருப்புகளுக்கு நடுவே முளைத்தபோது, ஆம்ஸ்டர்டாம் 2022 தொடக்கத்தில் புதியவற்றுக்குத் தற்காலிகத் தடை போட்டது.

எல்லா கவுன்ட்டரையும் மூடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஓடிபி வந்தும் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் விழிப்பவருக்கு, நடந்துபோகும் தூரத்தில் ஓர் உதவி மேசையாவது இருக்க வேண்டும். நூலகத்தின் ஒரு மூலை போதும்.