கம்பம் நடும் கோச்: பனிச்சறுக்குக் கேள்வி பதில்

ஆஸ்திரியாவில் வேலை பார்த்த காலத்தில் உள்ளூர்ப் பந்தயங்களில் கேட் (வீரர்கள் கடக்க வேண்டிய கம்ப வாயில்) நடுவராக நின்றிருக்கிறேன். கோலாலம்பூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள். கேட்டவரின் ஊர்ப் பெயர் முன்னால் இருக்கிறது.

செந்தூல்: அக்கா, நம் நாட்டிலிருந்து யாராவது குளிர்கால ஒலிம்பிக் போயிருக்கிறார்களா?

2018 பியோங்சாங்தான் முதல் முறை. ஆல்பைனில் (மலைச்சரிவில் இறங்கும் பனிச்சறுக்கு) ஜெஃப்ரி வெப், ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஜூலியன் யீ. 2022 பெய்ஜிங்கில் அருவின் சாலேஹுதீன், நம் முதல் பெண் வீராங்கனை.

கிள்ளான்: கெந்திங் பனிக்கூடத்தில் பழகினால் பந்தயத்துக்குப் போதுமா?

போதாது. பந்தயச் சரிவில் தண்ணீரைச் செலுத்தி ஐஸ்கட்டி போல இறுக்கி வைப்பார்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: முன்னாள் வீரர் தேசிய அணி கோச் ஆனால், பந்தய நாளில் அவருக்கு என்ன வேலை?

நிறைய. ஸ்லாலமில் (நெருக்கமாக நட்ட கம்பங்களைச் சுற்றி வளைந்து இறங்கும் பந்தயம்) இரண்டு ஓட்டம், இரண்டுக்கும் தனித்தனிப் பாதை. போட்டியிடும் அணிகளின் கோச்களில் சீட்டுக் குலுக்கலில் வந்த ஒருவர்தான் பாதை அமைப்பார். டிரில்லால் துளையிட்டு, கம்பத்தைத் திருகி இறக்குவார். அடுத்தடுத்த திருப்பங்களுக்கு நடுவே 6 முதல் 13 மீட்டர் இடைவெளி. அதற்குள்தான் அவருடைய கைவண்ணம். வீரர்கள் பக்கவாட்டில் மெல்லச் சறுக்கிப் பாதையைப் பார்க்கலாம், கேட்டுகளுக்குள் ஓட்டிப் பார்க்க முடியாது. அப்புறம் மேலே போய், கண்ணை மூடி, கையை இடமும் வலமும் அசைத்து மனப்பாடம் செய்வார்கள். ஓட்டம் தொடங்கியதும் கோச் சரிவோரம் நின்று, எந்த கேட்டில் பனி பெயர்கிறது என்று ரேடியோவில் மேலே சொல்வார். தானே ஓடியவருக்கு அது சட்டென்று கண்ணில் படும்.

பெட்டாலிங் ஜெயா: தன் பிள்ளைகளுக்குச் சாதகமாக நடலாமே? அநியாயம்!

2014 சோச்சியில் இந்தச் சண்டைதான் வந்தது. ஆண்கள் ஸ்லாலம் இரண்டாம் பாதையை அமைத்தவர் குரோஷியாவின் ஆன்டே கோஸ்டெலிச். மகன் இவிகாவும் போட்டியில் இருந்தார். தாளம் மாறிக்கொண்டே போன பாதையில் முன்னணி வீரர்கள் பலர் கேட்டைத் தவறவிட்டார்கள். ஆனால் தங்கம் ஆஸ்திரியாவின் மாரியோ மாட்டுக்கு. இவிகாவுக்கு அந்தப் பந்தயத்தில் பதக்கமே இல்லை.

பூச்சோங்: இருந்தாலும் பொது ஆள் ஒருவர் நடட்டுமே?

நான் ஒப்பமாட்டேன். பாதையை நடுவர் குழு பார்க்கிறது, மாற்றச் சொல்லவும் முடியும். ஒரே கோணத்தில் நட்ட பாதையில் யார் கெட்டிக்காரர் என்றே தெரியாது. யோசிக்க வைக்கும் பாதைதான் எனக்குப் பந்தயம்.

பெட்டாலிங் ஜெயா: அப்பா நட்டால் மகன் அன்று ஓடக்கூடாது. அவ்வளவுதான்.

நான்கு வருட உழைப்பைச் சீட்டுக் குலுக்கலில் இழக்கச் சொல்கிறீர்களா? அது பெரிய அநியாயம்.

செராஸ்: கெந்திங்கில் பழகலாமா?

கிள்ளான் நண்பருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பங்சார்: டிசம்பரில் ஜப்பான் போகிறோம். ஒரே ஒரு அறிவுரை?

வாடகைக் கடையில் எடையைச் சரியாகச் சொல்லுங்கள்! சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பிடித்திருக்கும் பைண்டிங்கை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், திறமை பார்த்துத்தான் முடுக்குவார்கள். குறைத்துச் சொன்னால் ஓட்டத்தில் கழன்றுவிடும். கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாது, முட்டி ஜவ்வு போய்விடும். திறமையையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்.