பழைய கதிரைக்கு என்ன குறை?

கேள்வி: எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிட்டோம். உள்ளே சாமான் இல்லை. 1950, 60களின் 'மிட் செஞ்சுரி மொடர்ன்' பாணியில் பழைய நாற்காலி, மேசைகளைத் தேடி வாங்கிப் போட ஆசை. 'புது வீட்டுக்குப் பழஞ்சாமானா?' என்று மாமி முகம் சுளிக்கிறார். எங்கே வாங்கலாம்?
— வாசகி, களுவாஞ்சிக்குடி

நாற்காலியா? களுவாஞ்சிக்குடியில் எந்த வீட்டில், மகள், 'அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு இரு' என்கிறார்கள்? நாம் இருப்பது கதிரையில். கதைகளில் வருகிற 'கதிரை' என்ற சொல்லை வெட்டி 'நாற்காலி' ஆக்குபவர்களோடு நான் பல வருடமாகச் சண்டை பிடிக்கிறேன், விடப்போவதில்லை. கதிரை போர்த்துக்கேயச் சொல்லாம். மேசையும்தான். அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை, குசினி எல்லாமே அவர்கள் தந்தவை. 1628இல் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தார்கள். பத்தே வருடம். கோட்டை கைமாறியது, சொற்கள் நம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. ஒல்லாந்தர் தங்கள் பங்குக்கு, இழுப்பறைக்கு நாம் சொல்லும் லாச்சியைத் தந்தார்கள். போர்த்துக்கேய வழிப் பறங்கியர் இன்றைக்கும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். தச்சு வேலைக்குப் பேர்போனவர்கள். உங்கள் அம்மம்மாவின் அலுமாரியைச் செய்தவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அவர்கள் தந்த சொல்லை நான் எப்படி வெட்டுவேன்?

இனி மாமியின் பேச்சு. நம் பகுதியில் வீடு தாய்வழியாக மகளுக்குப் போகிறது. தாங்கள் குடியிருந்த வீட்டையே மகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு அதே வளவில் சின்ன வீட்டுக்கு ஒதுங்கிய தாய் தகப்பனை நான் பார்த்திருக்கிறேன். பழைய வீடு சீதனமாகலாம், பழைய கதிரை ஆகாதா?

புதிது என்று தவணைக்குத் தருவது பெரும்பாலும் மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை. மார்கழி வெள்ளம் ஒருமுறை உள்ளே வந்தால் ஊறிப் பொங்கிவிடும். பொங்கினது பிறகு அடங்காது. எங்கள் முதிரை அலுமாரி 1978 நவம்பர் சூறாவளியில் கூரை போன பிறகு விடிய விடிய மழையில் நின்றது. அதன் லாச்சிகள் இன்றும் ஒரு விரலுக்கு இழுபடுகின்றன. கூடவே இருந்த சாய்மனைக் கதிரையை, நான் ஊரில் இல்லாத நேரம், லொறியில் வந்த வியாபாரி ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்தியாவின் சண்டிகரிலும் இதுதான் நடந்தது. அந்த நகரத்தைக் கட்டியபோது பியேர் ஜன்னரே என்ற சுவிஸ் கட்டடக் கலைஞர் அரச அலுவலகங்களுக்கென்று தேக்கிலும் பிரம்பிலும் கதிரைகள் செய்வித்தார். பிறகு அவற்றை உடைசல் என்று கழித்துக் குவித்தார்கள், அற்ப விலைக்கு விற்றார்கள். இப்போது அதே கதிரைகள் ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு ஏலம் போகின்றன. சரிந்த காலும் பிரம்பு முதுகுமாக நீங்கள் படங்களில் பார்த்து ஆசைப்படுவது அந்த வகைதான். தேக்கும் பிரம்பும் நம் வீடுகளில் இல்லாததா?

ஆகவே கடை தேடாதீர்கள். பெரியம்மா, அம்மம்மா வீடுகளின் பின்விறாந்தையிலும் நெல்மூட்டை அடுக்கிய அறையிலும் தேடுங்கள், லொறி வருமுன். எதையும் கவிழ்த்துப் பாருங்கள். காலடியில் மாப்போலத் தூள் கொட்டினால் உளுத்தது, வேண்டாம். பொருத்து ஆடினால் பயமில்லை, தச்சர் கழற்றிப் பூட்டித் தருவார். பிரம்பு போட்ட துளைகளில் மூட்டைப்பூச்சி குடியிருக்கும். பொலிஷில் படாமல் துளைக்குள் கொதிநீர் விட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் வைத்த பிறகே உள்ளே எடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், பிரம்பு பின்னத் தெரிந்த ஒருவரைப் பிடித்து வையுங்கள். எனக்குப் பின்னித் தந்தவர் வயதாளி, கண் மங்கிவிட்டது. அவரிடம் அந்த வேலையைப் பழகிய பிள்ளை ஒருவரும் இல்லை.