வீடு தேடுவதற்கு முன், நாய் யாருடையது?

கேள்வி: மேடவாக்கம் பக்கம் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து, கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கிறோம். அமைப்பாகப் பதிவு செய்யவில்லை. இப்போது எங்களிடம் மூன்று பிட்புல்கள் இருக்கின்றன. ஒன்று, காது வெட்டப்பட்ட ஆண் நாய். ராத்திரியில் யாரோ எங்கள் கேட்டில் கட்டிவிட்டுப் போனது. இரண்டாவது பெண் நாய். விருகம்பாக்கத்தில் ஒருவர் "வச்சுக்கோங்க, எங்களால முடியல" என்று வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு, நேரில் கொண்டுவந்து விட்டார். வேளச்சேரியில் ஒரு தம்பதி அதைத் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். கருத்தடை செய்துவிட்டோம் என்று தெரிந்ததும் விருகம்பாக்கத்துக்காரர், "நாயைத் திருப்பிக் கொடுங்க, இல்லாட்டி திருட்டுப் புகார் கொடுப்பேன்" என்கிறார். மூன்றாவது, நாய்ச் சண்டைச் சூதாட்டத்தில் போலீஸ் பிடித்து எங்களிடம் விட்ட ஆண் நாய். பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் இரண்டு ஆண் நாய்களையும் காவலுக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா? வேளச்சேரி குடியிருப்பிலோ "மத்திய அரசே தடை பண்ணின நாய்" என்று தினமும் தகராறு. நாளைக்கு ஏதாவது கடித்துவிட்டால் வழக்கு யார் மேல் வரும்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: அவசரம் வேளச்சேரியில்தான் இருக்கிறது, அதை முதலில் முடிப்போம்.

குடியிருப்புக்காரர்கள் சொல்வது 2024 மார்ச் 12-ஆம் தேதி மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை. பிட்புல், ராட்வீலர் உட்பட 23 இனங்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்கு அனுமதி தரக் கூடாது, ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு மத்திய அரசு பொதுமக்களின் கருத்தைக் கேட்டு அறிவிப்பு வெளியிட்டது. ஆக, அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி உங்களை மிரட்ட முடியாது.

ஆனால் சென்னை மாநகராட்சியின் தீர்மானம் வேறு விஷயம். 2025 டிசம்பர் 20 முதல் மாநகராட்சி எல்லைக்குள் பிட்புல், ராட்வீலர் இரண்டுக்கும் புதிய உரிமம் கிடையாது. மீறினால் 1 லட்சம் ரூபாய் அபராதம். முன்பே உரிமம் பெற்ற நாய்களை வெளியே கூட்டிப்போகும்போது கழுத்துப்பட்டை, கயிறு, வாய்மூடி கட்டாயம். வேளச்சேரி தம்பதியிடம் உரிமம் இல்லை, இனி எடுக்கவும் முடியாது. "நாங்க வளர்க்கல, கொஞ்ச நாள் பார்த்துக்கிறோம்" என்ற பதில் சுகாதார ஆய்வாளரிடம் எடுபடாது. வளாகத்துக்குள் செல்லப் பிராணிகளையே வைக்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் விதி போட முடியாது என்பதை விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டு நெறியாகச் சொல்லிவிட்டது. அது சங்கத்துக்குச் சொல்லும் பதில்தானே தவிர, மாநகராட்சிக்குச் சொல்லும் பதில் ஆகாது. அவர்கள் காட்டிய காரணம்தான் தவறு, நாய் அங்கே இருக்க முடியாது என்பது சரி. இந்த வாரமே எல்லைக்கு வெளியே மாற்றுங்கள். மாற்றும் இடத்தின் உள்ளாட்சியில் அன்றைய நிலவரத்தை எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள். இந்த விதிகள் ஊருக்கு ஊர் வேறு, அடிக்கடி மாறுகின்றன. காசியாபாத் மாநகராட்சி 2022-லேயே பிட்புல்லைத் தடை செய்துவிட்டது. வெளி மாநிலத்தில் வீடு கிடைத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வண்டி ஏற்றாதீர்கள்.

இனி உரிமை. சட்டத்தின் கண்ணில் நாய் ஓர் அசையும் சொத்து. கேட்க நன்றாக இல்லை, ஆனால் உங்களைக் காப்பாற்றுவதும் அதுதான். உங்களுடையது இல்லாத நாயை நீங்கள் யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. மூன்று நாய்களும் பார்க்க ஒன்றாக இருந்தாலும் சட்டப்படி மூன்றும் மூன்று நிலையில் நிற்கின்றன.

பெண் நாய் உங்களுடையது. அசையும் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவுப் பத்திரம் தேவையில்லை, கையில் ஒப்படைத்தாலே போதும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு. அவர் எழுதினார், கொண்டுவந்து விட்டார், நீங்கள் ஏற்றுக்கொண்டீர்கள். தானம் அன்றே முடிந்தது. அவர் சம்மதத்தோடு வந்த பொருளில் திருட்டு எங்கிருந்து வரும்? காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டால் இதை எழுத்தில் கொடுங்கள். அந்த உரையாடலை அழிக்காமல், போனை மாற்றாமல் வைத்திருங்கள். திரையைப் படமெடுத்து வைத்தது (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் போதாது. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். கருத்தடை என்றதும் கோபம் வருகிறது என்றால், அவருக்கு வேண்டியது நாய் இல்லை, குட்டிகள். இனி யாராவது நாயைக் கொண்டுவந்து விட்டால் வாசலிலேயே ஒரு தாளில் பெயர், முகவரி, "என் முழு உரிமையையும் விட்டுக்கொடுக்கிறேன்" என்ற வரி, கையெழுத்து, அடையாள அட்டை நகல் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு பிறகு கயிற்றைக் கையில் வாங்குங்கள். முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா என்ற கேள்விக்கும் அதே தாளில் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கேட்டில் கட்டப்பட்ட நாய் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. ஒப்பந்தச் சட்டம் 71-ஆம் பிரிவுப்படி, கண்டெடுத்த பொருளை வைத்திருப்பவரின் பொறுப்புதான் உங்களுக்கு. உரிமையாளரைத் தேட நியாயமான முயற்சி எடுத்ததற்கு ஆதாரம் வேண்டும். முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு தோள்பட்டைக்கு நடுவில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். சிப் நகர்ந்து தோளுக்கோ கழுத்துப் பக்கமோ இறங்கியிருக்கலாம், அங்கேயும் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) வாங்குங்கள். சமூக ஊடகத்தில் படம் போடும்போது ஒரு அடையாளத்தை மறைத்து வையுங்கள், மார்பில் உள்ள வெள்ளைத் திட்டின் வடிவம் மாதிரி. உரிமை கேட்டு வருபவர் அதைச் சொல்லட்டும். எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் கணக்குச் சொல்லவில்லை. 30 நாள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அதற்குள் யாராவது வந்தால், நீங்கள் செலவழித்த தொகை கைக்கு வரும்வரை நாயைப் பிடித்துவைக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 168-ஆம் பிரிவு இடம் தருகிறது. எனவே ஊசி, மருந்து, சாப்பாட்டு ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

கட்டிவிட்டுப் போனவர் மேல் வழக்குப் போடலாமா என்றும் கேட்பீர்கள். பட்டினியிலோ தாகத்திலோ வாடும்படி விலங்கைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவின் கீழ் குற்றம்தான். முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய தொகை. இன்றைக்கு அந்தப் பணத்தில் நாய்க்கு ஒரு வேளைச் சோறு வராது. புகாரை அபராதத்துக்காகக் கொடுக்க வேண்டாம். நாய் உங்களிடம் எப்படி வந்தது என்பதற்கு அதுவே தேதியிட்ட ஆவணம்.

மூன்றாவது நாயைத் தொடாதீர்கள். அது வழக்குச் சொத்து. போலீஸ் உங்களிடம் விட்டது பராமரிக்கத்தான். அதைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினால், நாளை நீதிமன்றம் "நாய் எங்கே?" என்று கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வழக்குச் சொத்தான விலங்குகளைப் பராமரிப்பதற்கு 2017-இல் தனி விதிகள் வந்திருக்கின்றன. வழக்கு முடியும்வரை விலங்கு யாரிடம் இருக்க வேண்டும், அதன் செலவை யார் ஏற்க வேண்டும் என்பதை நீதித்துறை நடுவர் இந்த விதிகளின்படி தீர்மானிப்பார். குற்றம் நிரூபணமானால் உரிமை பறிக்கப்பட்டு, நாயை வைத்திருக்கும் அமைப்புக்கே, தத்துக் கொடுக்கும் அதிகாரத்தோடு வந்துசேரும். இதில் உங்களுக்கு ஒரு சிக்கல்: விதிகள் சொல்வது விலங்கு நல அமைப்பு, பசுமடம் போன்றவற்றை; பதிவில்லாத நான்கு தோழிகளை அல்ல. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அடிப்பது இந்த இடத்தில்தான். அறக்கட்டளையாகப் பதிவு செய்து விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். அதுவரை, அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றைப் பொறுப்பாளராகக் காட்டி, நாய் உங்கள் கொட்டகையில் இருக்கட்டும் என்று நடுவரிடம் மனு போடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆம் பிரிவில் போடுங்கள், விசாரணை தொடங்கவில்லை என்றால் 503. மனுவோடு நாயின் நான்கு பக்கப் படம், தழும்புகளைக் குறித்த மருத்துவச் சான்று, மாதச் செலவுக் கணக்கு மூன்றையும் இணையுங்கள்.

அடுத்து, ஃபாஸ்டர் வீட்டுக்கான, அதாவது நாயைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வீட்டுக்கான தாள். வாய்ச்சொல்லில் நாயைக் கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். இது சட்டப்படி ஒப்படைப்பு: பொருள் உங்களுடையது, கைவசம் அவர்களுடையது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, சாப்பாடும் மருத்துவமும் யார் செலவு, வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, கேட்ட 24 மணி நேரத்தில் திருப்பித் தர வேண்டும் என்று 200 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சம்மதமும் சேரட்டும். பலரும் விட்டுவிடுவது நாயின் குறைகளைப் பற்றிய பத்தி. ஒப்படைக்கும் பொருளில் தனக்குத் தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் மறைத்தவர், அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆம் பிரிவு. வேறு நாயைக் கண்டால் பாயும், சாப்பாட்டுத் தட்டருகே கை வைத்தால் உறுமும், எந்தத் தேதியில் யார் கையைக் கடித்தது, எத்தனை தையல் என்று அப்படியே எழுதுங்கள். "கொஞ்சம் துறுதுறு" என்று எழுதினால் வீடு சீக்கிரம் கிடைக்கும், நோட்டீசும் சீக்கிரம் வரும்.

தத்து ஒப்பந்தத்தில் எல்லாரும் காப்பியடிக்கும் ஒரு வரி உண்டு: "நாங்கள் எப்போது விரும்பினாலும் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வோம்." அதை வெட்டுங்கள். கொடுத்தவரின் இஷ்டப்படி ரத்து செய்யக்கூடிய தானம் செல்லாது என்று சொத்து மாற்றுச் சட்டம் 126-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதற்குப் பதில் நிகழ்வைக் குறிப்பிடுங்கள்: வேறொருவருக்குக் கைமாற்றினால், சண்டைக்கு விட்டால், நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைத்தால் தானம் ரத்து, நாய் திரும்பும். இந்த வாசகம் நிற்கும். கருத்தடை முடிந்து, தையல் ஆறும் வரை 10 முதல் 14 நாள் கழித்துத்தான் நாய் கைமாற வேண்டும். "அப்புறம் நானே பண்ணிக்கிறேன்" என்பவருக்கு முடியாது என்று சொல்லுங்கள். பணம் வாங்கினால் ஊசிக்கும் அறுவைக்கும் ஆன ரசீதுத் தொகைக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கினால் அது விற்பனை என்று வாதிட வழி திறக்கிறது. 15 இலக்க சிப் எண்ணை ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நில்லாமல், சிப் நிறுவனத்தின் தரவுத்தளத்திலும் பெயரை மாற்றுங்கள். ஓடிப்போன நாயை ஸ்கேன் செய்தால் ஊசி போட்ட மருத்துவரின் பழைய நம்பர் வருவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

பொள்ளாச்சிக்காரருக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். ஒரு நாய் வழக்கில் இருக்கிறது, இன்னொன்றுக்கு 30 நாள் முடியவில்லை. அது போக, பழக்கமில்லாத இரண்டு ஆண் பிட்புல்களை ஒரே இடத்தில் விட்டால் ஒன்று மற்றொன்றைக் குதறும். தோப்பில் ஆடு, கோழி, பக்கத்துத் தோட்டத்து நாய் எல்லாம் வரும். பகலெல்லாம் சங்கிலி, இரவில் அவிழ்ப்பு என்றால் அதுவே வதைச் சட்டத்தில் வரும்: எப்போதும் கட்டிவைக்கும் நாய்க்கு உரிய நடமாட்டம் தராமல் இருப்பதும், நியாயமில்லாமல் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் 11-ஆம் பிரிவில் குற்றம். வீட்டுக்குள் வைத்து வளர்க்க அவர் தயார் என்றால், 30 நாள் முடிந்த பிறகு, கேட்டில் கட்டப்பட்ட நாயை மட்டும், முதலில் இரண்டு வாரம் ஃபாஸ்டர் தாளில் கொடுங்கள். போய்ப் பாருங்கள்: ஆறடிச் சுற்றுச்சுவர், கேட்டுக்கு அடியில் இடைவெளி எவ்வளவு, கேட்டைத் திறந்தால் நாய் நேரே ரோட்டுக்கு வருமா, நடுவில் இரண்டாவது கதவு உண்டா.

கடித்தால் யார் மேல் வழக்கு என்றால், விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 291-ஆம் பிரிவு "தன் வசமுள்ள" விலங்கு என்றுதான் சொல்கிறது. ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே முதலில் மாட்டுவது கயிற்றைப் பிடித்திருப்பவர். காயம் ஏற்பட்டால் 125, உயிர் போனால் 106 சேரும். நஷ்டஈட்டு வழக்கில் உங்களையும் இழுப்பார்கள். அப்போது குறைகளை எழுதிய அந்தப் பத்திதான் பேசும். வாய்மூடியில் துணியில் தைத்ததை வாங்க வேண்டாம், நம் வெயிலில் நாயால் வாயைத் திறந்து மூச்சு வாங்க முடியாது. கூடை வடிவில் இருப்பது சரி. மூன்றாம் நபர் பொறுப்பு சேர்ந்த நாய்க் காப்பீடு கிடைக்கிறது, எந்த இனங்களை விலக்கியிருக்கிறார்கள் என்ற பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கடி நடந்தே விட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, கடிபட்டவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம் என்று சொல்லி அவருடைய தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள். நாயை 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும். பயத்தில் இரவோடு இரவாக வேறு ஊருக்கு மாற்றினால் கடிபட்டவரின் சிகிச்சைக்கு வேண்டிய தகவல் போய்விடும், உங்கள் மேல் ஆதாரத்தை மறைத்ததாகக் குற்றச்சாட்டும் சேரும். நாய் இருக்கும் இடத்தைக் காவல் நிலையத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு, பத்தாம் நாள் மருத்துவச் சான்று வாங்குங்கள்.