சைக்கிள் பந்தய நேரலை: சந்தா கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயங்கள் மூன்றையும், வசந்தகால ஒருநாள் பந்தயங்களையும் பார்க்க ஆசை. ஆண்டுச் சந்தா கட்டலாமா, மாதாமாதம் போதுமா?

நாட்காட்டியை எடுத்து வைத்து எண்ணிப் பாருங்கள். ஜிரோ டி இத்தாலியா மே மாதம், டூர் டி பிரான்ஸ் ஜூலை, ஸ்பெயினின் வுவெல்தா ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடு வரை. ஒவ்வொன்றும் 21 கட்டங்கள், ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம். ஓய்வு நாட்களையும் சேர்த்தால் 23 அல்லது 24 நாள். முதல் கட்டம் தொடங்கும் அன்றே மாதச் சந்தா எடுத்தால் ஒரு பந்தயம் ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடும். இரண்டு நாள் முன்னதாக எடுத்தாலும் பிரச்சினை இல்லை. பத்து நாள் முன்னதாக எடுத்தால்தான் கடைசி மலைக் கட்டங்களுக்கு இன்னொரு மாதம் கட்ட நேரும்.

வசந்தகாலம் அப்படி அடங்காது. மிலான்–சான் ரெமோ மார்ச் பிற்பாதியில், லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் ஏப்ரல் கடைசியில். நடுவில் ஐந்து வாரம் ஓடிவிடும். 30 நாள் சந்தாவில் இரண்டும் சேராது. இடையில் வரும் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்திலிருந்து லியேஜ் வரை போதும் என்றால் ஒரு மாதம், சான் ரெமோவும் வேண்டுமென்றால் இரண்டு. அக்டோபரில் லொம்பார்தியா ஒருநாள் பந்தயத்துக்கு இன்னொன்று. ஆக, நீங்கள் கேட்டதற்கு ஐந்து மாதம், லொம்பார்தியாவோடு ஆறு. ஆண்டுக் கட்டணம் மாதக் கட்டணத்தைப் போல ஐந்தாறு மடங்குக்குக் குறைவாக இருந்தால் ஆண்டுச் சந்தா லாபம். எட்டு மடங்கு என்றால் மாதாமாதம் எடுத்து நிறுத்துவதே நல்லது. நவம்பர், டிசம்பரில் உலகத் தரச் சாலைப் பந்தயம் எதுவும் இல்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆண்டுச் சந்தாவில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒளிபரப்பு உரிமை கைமாறும். சைக்கிள் பந்தயங்களுக்கென்றே இருந்த ஜிசிஎன் பிளஸ் சேவை 2023 டிசம்பர் 19 அன்று மூடப்பட்டது. பிரிட்டனில் யூரோஸ்போர்ட் விளையாட்டு அலைவரிசை 2025 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு நின்று, பந்தயங்கள் டிஎன்டி ஸ்போர்ட்ஸுக்குப் போயின. மாதம் 6.99 பவுண்டு கட்டியவர்கள் 30.99 பவுண்டு கட்ட வேண்டிய நிலை வந்தது. ஆண்டு முழுவதுக்கும் பணம் கொடுக்குமுன், நடுவில் சேவை நின்றால் மீதித் தொகை திரும்ப வருமா என்று விதிமுறையில் பாருங்கள். அந்த வரி இல்லையென்றால் மாதச் சந்தாவோடு நில்லுங்கள்.

கேள்வி: "எல்லாப் பெரிய பந்தயங்களும் நேரலை" என்று விளம்பரம். சந்தா கட்டிய பிறகுதான் ஜிரோ இல்லை என்று தெரிகிறது. எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது?

பந்தயத்தின் பெயரைவிட அதை நடத்துபவர் யார் என்பதே முக்கியம். டூர், பாரிஸ்–ரூபே, லியேஜ் மூன்றும் ஏஎஸ்ஓ நிறுவனத்துடையவை. வுவெல்தாவை நடத்துவது அதன் துணை நிறுவனம். ஜிரோ, சான் ரெமோ, லொம்பார்தியா, ஸ்த்ராதே பியாங்கே எல்லாம் ஆர்சிஎஸ் ஸ்போர்ட் கையில். ஃபிளாண்டர்ஸ் முதலான பெல்ஜியப் பந்தயங்கள் பலவும் ஃபிளாண்டர்ஸ் கிளாசிக்ஸ் கையில். உரிமை விற்பது ஒவ்வொருவரும் தனித்தனியாக, நாட்டுக்கு நாடு வேறு வேறு நிறுவனத்துக்கு. ஆகவே ஒரு சேவையில் டூர் இருந்தால் ஜிரோவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் இருக்கும் நாட்டுக்கான இணையப் பக்கத்தில், இந்த ஆண்டின் தேதியோடு போட்ட அட்டவணையைத் தேடிப் பாருங்கள். சென்ற ஆண்டின் ரீப்ளே கிடக்கிறது என்பது இந்த ஆண்டின் உரிமைக்குச் சான்றல்ல.

கேள்வி: டூர் இரண்டு சேவைகளில் வருகிறது. ஒன்றின் கட்டணம் மற்றதைப் போல இரண்டு மடங்கு. படம் அவ்வளவு நன்றாக இருக்குமா?

படம் ஒன்றுதான். டூரின் காட்சிகளைத் தயாரிப்பது பிரெஞ்சுப் பொதுத் தொலைக்காட்சியான பிரான்ஸ் தெலெவிசியோன். மோட்டார் சைக்கிள்களில் பின்னால் திரும்பி உட்கார்ந்து படம் பிடிப்பவர்கள், ஹெலிகாப்டர் கேமராக்கள், இறுதிக் கோட்டில் நிலையாக வைத்த கேமராக்கள் எல்லாம் அந்த ஒரே தயாரிப்பில் சேர்ந்து உலகம் முழுவதும் போகின்றன. அதிகக் கட்டணம் வாங்கும் சேவை தன் பங்குக்குச் சேர்ப்பது வர்ணனை, ஸ்டுடியோ பேச்சு, விளம்பரம் இல்லாத ஓட்டம், ரீப்ளே வசதி இவ்வளவுதான். இவற்றில் ஐந்து மணி நேரமும் உங்களோடு இருக்கப்போவது வர்ணனை. அதை எடைபோட்டுத்தான் வாங்க வேண்டும்.

இறுதி ஐந்து கிலோமீட்டரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அங்கே எல்லாருமே கத்துவார்கள், எல்லாமே நன்றாக இருக்கும். இலவசச் சோதனைக் காலத்திலோ ரீப்ளேயிலோ ஒரு சமதளக் கட்டத்தை எடுத்து, 90 கிலோமீட்டர் மீதியிருக்கும் இடத்தில் அரை மணி நேரம் கேளுங்கள். முன்னே பிரிந்து சென்ற குழுவுக்கும், பின்னால் வரும் பெருங்கூட்டமான பெலோட்டானுக்கும் இடையே எவ்வளவு நேரம், அது கூடுகிறதா குறைகிறதா, பின்னால் எந்த அணி இழுக்கிறது என்பது சில நிமிடங்களுக்கு ஒரு முறையாவது வர வேண்டும். பிரெஞ்சுத் தொலைக்காட்சி வர்ணனையாளர் ரோபேர் ஷபாத் ஒரு கணக்குச் சொன்னார்: துரத்தும் பெலோட்டான் 10 கிலோமீட்டருக்கு ஒரு நிமிடத்தைப் பிடித்துவிடும். அதாவது 40 கிலோமீட்டர் மீதியிருக்கையில் மூன்று நிமிட இடைவெளி என்றால் முன்னே இருப்பவர்கள் பிடிபட வேண்டும். இன்றைய வேகத்தில் அது எப்போதும் பலிப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கை மனதில் ஓட்டியபடி பேசுகிறவரா, கோட்டைகளையும் சூரியகாந்தித் தோட்டங்களையும் மட்டும் வாசிக்கிறவரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது காற்று. பாதை திரும்பிப் பக்கக்காற்றுக்குள் நுழையப்போகும் இடத்தை நல்ல இணை வர்ணனையாளர் முன்பே சொல்வார். அணிகள் முன்னுக்கு நகர்வதைக் கண்டு, கூட்டம் சாய்கோடுகளாக உடையப்போகிறது என்பார். உடைந்த பிறகு "ஆகா, உடைந்துவிட்டது" என்பதற்கு உங்களுக்கு ஒருவர் தேவையில்லை. இதற்காகத்தான் இணை வர்ணனைக்கு முன்னாள் வீரர்களை அமர்த்துகிறார்கள். யூரோஸ்போர்ட்டில் நெடுங்காலம் பேசிய ஷான் கெல்லி, 1984, 1986 ஆண்டுகளில் பாரிஸ்–ரூபேயையும் 1988-இல் வுவெல்தாவையும் வென்றவர். பெல்ஜியத்தின் ஃபிளெமிஷ் வர்ணனையில் நெடுங்காலம் பேசியுள்ள யோசே டி கோவர், 1989-இல் 8 வினாடி வித்தியாசத்தில் டூரை வென்ற கிரெக் லெமாண்டின் அணி இயக்குநர். கல்பாவிய பாதையில் டயர் காற்றழுத்தம் பற்றியோ அணிக் காரிலிருந்து போகும் கட்டளை பற்றியோ இப்படிப்பட்டவர்கள் சொல்லும் ஒரு வாக்கியம் பத்து நிமிட அலங்காரப் பேச்சுக்குச் சமம்.

விபத்து நேரத்தையும் கவனியுங்கள். பல சேவைகளின் வர்ணனையாளர்கள் பந்தயம் நடக்கும் ஊருக்கே போவதில்லை. தம் நாட்டு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, உங்களுக்கு வரும் அதே படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். விழுந்து கிடப்பவரின் முதுகெண் தெரியாதபோது ஊகித்துப் பெயர் சொன்னால் பாதி நேரம் தவறிவிடும். "எண் தெரியட்டும்" என்று காத்திருப்பவரே நம்பத்தக்கவர். முடிவுக்கோட்டிலும் அதே பொறுமை வேண்டும். 2024 ஆம்ஸ்டல் கோல்ட் மகளிர் பந்தயத்தில் லொரேனா வீபெஸ் வென்றுவிட்டதாக எண்ணிக் கையை உயர்த்திவிட்டார், ஆனால் சைக்கிளை முன்னே தள்ளிய மரியானே வோஸ் வென்றார்.

உங்கள் மொழி வர்ணனை பிடிக்கவில்லையென்றால் சந்தாவைக் கைவிடும் முன் ஆப்பில் ஒலித்தடத் தேர்வைத் திறந்து பாருங்கள். சில சேவைகளில் வேறு மொழியோ, வர்ணனை இல்லாமல் களத்து ஒலி மட்டுமோ இருக்கும். சங்கிலி ஓசையும் ஹெலிகாப்டர் இரைச்சலும் மட்டும் கேட்டபடி மலையேற்றம் பார்ப்பது தனிச் சுகம்.

கேள்வி: மலைக் கட்டத்தில் பாதியில் படம் போய்விட்டது. 20 நிமிடம் இறுதிக் கோட்டையே காட்டினார்கள். பணம் திரும்பக் கேட்கலாமா?

இது உங்கள் சேவையின் பிழையல்ல. ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து படம் வானொலி அலையாக மேலே போகிறது. மேலே சுற்றும் ஹெலிகாப்டரோ விமானமோ அதை வாங்கி, இறுதிக் கோட்டருகே நிற்கும் ஒளிபரப்பு வண்டிக்கு அனுப்புகிறது. இடிமழையில் அவை பறக்க முடியாது. பறக்காவிட்டால் மோட்டார் சைக்கிள் கேமரா வேலை செய்தாலும் படம் வந்து சேராது. இறுதிக் கோட்டில் கம்பி வழி இணைத்த நிலைக் கேமராக்கள் மட்டும் உயிரோடு இருக்கும். அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் சுரங்கப்பாதையிலும் இதே காரணத்தால்தான் படம் சிறு சிறு சதுரங்களாக உடைகிறது. உலகம் முழுவதும் அந்த நேரத்தில் இதே நிலைதான். இதற்குப் பணம் கேட்டால் கிடைக்காது.

யார் பிழை என்று பிரித்தறிவது எளிது. திரை நடுவில் வட்டம் சுற்றுகிறது, அல்லது ஒலியும் சேர்ந்து நிற்கிறது என்றால் ஆப்போ உங்கள் இணையமோ காரணம். வர்ணனை தெளிவாக ஓடிக்கொண்டே இருக்க, படம் மட்டும் உடைந்தாலோ இறுதிக் கோட்டுக்கு மாறினாலோ மூலத்தில் கோளாறு. முதல் வகை என்றால் உடனே கைபேசித் தரவு வழியாக அதே ஆப்பைத் திறந்து பாருங்கள். அங்கேயும் ஓடவில்லையென்றால் பிழை சேவையுடையது. நேரம் தெரியும்படி திரைப்பிடிப்பு, பிழை எண், கருவியின் பெயர், ஆப்பின் பதிப்பு ஆகியவற்றோடு அன்றே எழுதுங்கள். பணம் என்று கேட்டால் இழுப்பார்கள். சந்தாக் காலத்தை நீட்டித் தரச் சொன்னால் பெரும்பாலும் வேலை நடக்கும்.

கேள்வி: வேகமான இணையம், புதிய டிவி. ஆனாலும் ஹெலிகாப்டர் காட்சி நகரும்போது சிறு சிறு குதிப்பு. விலையுயர்ந்த திட்டத்துக்கு மாறினால் சரியாகுமா?

மாறாதீர்கள், காசு வீணாகும். ஐரோப்பியப் பந்தயங்களின் படம் வினாடிக்கு 50 சட்டகம் (ஃபிரேம்). உங்கள் ஸ்ட்ரீமிங் பெட்டி 60 ஹெர்ட்ஸில் நிலைத்திருந்தால் ஒவ்வொரு ஐந்து சட்டகத்துக்கும் ஒன்றை இருமுறை காட்டும். நிதானமாக நகரும் வான்காட்சியில் அது குதிப்பாகத் தெரியும். பெட்டியின் காட்சி அமைப்புகளில் உள்ளடக்கத்தின் சட்டக வேகத்தோடு பொருந்தச் செய்யும் தெரிவு இருக்கும், அதை இயக்குங்கள். ஆப் அதற்கு ஒத்துழைக்காவிட்டால் பந்தய நேரத்துக்கு மட்டும் கையால் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றலாம். டிவியின் அசைவு மென்மையாக்கல் வசதியைக் கூட்டாதீர்கள், சக்கரக் கம்பிகளைச் சுற்றிப் படம் கலங்கும்.

கேள்வி: கைபேசித் தரவில் டூர் முழுவதையும் பார்க்க எவ்வளவு ஆகும்?

வினாடிக்கு 6 மெகாபிட் ஓட்டம் என்றால் மணிக்கு 2.7 ஜிபி. 2017 முதல் டூரின் எல்லாக் கட்டங்களும் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலை, எனவே 90 மணி நேரம் என்று வையுங்கள்: ஏறத்தாழ 243 ஜிபி. கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் பார்த்தால் பாதிக்கும் கீழே வந்துவிடும்.

கேள்வி: மகளிர் பந்தயங்களும் இருக்கின்றன என்று சொல்லி ஒரு சேவை கூடுதல் கட்டணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் நேரலை எத்தனை மணி நேரம் என்று கேட்ட பிறகு. மகளிர் உலகச் சுற்றுப் பந்தயங்களுக்கு 2020 முதல் சர்வதேச சைக்கிள் சங்கம் விதித்த குறைந்தபட்ச நேரலை 45 நிமிடம்தான். அதற்கு மேல் காட்டுவது அமைப்பாளரின் விருப்பம். 2021-இல் முதல் மகளிர் பாரிஸ்–ரூபேயில் லிஸி டைக்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் மீதியிருக்கையில் தனியாகப் பிரிந்தார். நேரலை தொடங்கும்போது அவர் ஏற்கெனவே தனியே போய்க்கொண்டிருந்தார். வெற்றியைத் தீர்மானித்த தாக்குதலை யாரும் நேரலையில் பார்க்கவில்லை. அது இன்றும் வருத்தம் தரும் இழப்பு. ஆகவே அட்டவணையில் பந்தயம் தொடங்கும் நேரத்தையும் ஒளிபரப்பு தொடங்கும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: விபிஎன் (நாம் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் செயலி) போட்டு வேறு நாட்டின் இலவச ஒளிபரப்பைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

பெரும்பாலான சேவைகளின் விதிமுறையில் அதற்குத் தடை. பிடிபட்டால் கணக்கை முடக்கலாம், கட்டிய சந்தா போகும். நடைமுறைக் குறையும் உண்டு: பல ஆப்கள் விபிஎன் முகவரிகளை அடையாளம் கண்டு தடுக்கின்றன, அதுவும் பந்தயம் சூடேறும் நேரத்தில். அதை நம்பி ஆண்டுக் கணக்கில் விபிஎன் வாங்காதீர்கள்.

கேள்வி: டூர் முடிந்ததும் ஆப்பை அழித்துவிட்டேன். அடுத்த மாதமும் பணம் எடுத்திருக்கிறார்கள்.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. எங்கே வாங்கினீர்களோ அங்கேதான் நிறுத்த முடியும்: ஆப் ஸ்டோர் வழியாக வாங்கியிருந்தால் கைபேசியின் சந்தாப் பட்டியலில், இணையதளத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் கணக்குப் பக்கத்தில். புதுப்பிக்கும் நாளுக்கு 24 மணி நேரம் முன்பாவது நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான சேவைகளில் வாங்கிய அன்றே நிறுத்தினாலும் கட்டிய காலம் முழுவதும் பார்க்கலாம். சோதனைக் காலச் சந்தா மட்டும் சில இடங்களில் உடனே அறுந்துவிடும், உறுதிப்படுத்தும் திரையில் முடிவுத் தேதியைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

கேள்வி: நேரலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைபேசியில் வெற்றியாளர் பெயர் வந்துவிடுகிறது. வேறு சேவை வாங்கினால் தாமதம் குறையுமா?

ஓரளவு. இணைய ஓட்டம் பொதுவாக அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பின்தங்கும். கேபிள், செயற்கைக்கோள் ஒளிபரப்பு அதைவிட முன்னே. ஆனால் பந்தயத்தின் அதிகாரபூர்வ நேரப் பலகை எல்லாவற்றையும் முந்தும். டூரில் 2015 முதல் ஒவ்வொரு சைக்கிளின் இருக்கைக்குக் கீழும் இடங்காட்டிக் கருவி இருக்கிறது, அதன் தகவல் படத்துக்காகக் காத்திருப்பதில்லை. சேவையை மாற்றுவதைவிட, பந்தய ஆப், செய்தி ஆப் இரண்டின் அறிவிப்புகளையும் மாலை வரை அணைத்து வையுங்கள். ரீப்ளே பார்ப்பவர்கள் முகப்புப் பக்கத்துக்குப் போகாமல் அந்தக் கட்டத்தின் பக்கத்தை முன்கூட்டியே குறித்து வைத்து நேராகத் திறப்பது நல்லது. முகப்பில் சிறு படத்திலேயே வெற்றியாளர் கை உயர்த்தி நிற்பார்.