டிரைவரை அடித்த வழக்கில் 'சமாதானம்' செல்லுமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் அரசு பஸ் டிரைவர். போன வாரம் சாயங்கால ட்ரிப்பில், ஹார்ன் அடித்தார் என்பதற்காக பைக்கில் வந்த இரண்டு பேர் பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாகச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதோடு சேர்த்து அறைந்துவிட்டார்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, "சின்னப் பசங்க, சமாதானமாப் போங்க" என்கிறார்கள். டிப்போவிலும் அதே பாட்டு. இவருக்கு இன்னும் காதில் 'ஙொய்'யென்று சத்தம் கேட்கிறது. என்ன செய்வது?
- தென் மாவட்ட வாசகி

பதில்: ஸ்டேஷன் அப்புறம், முதலில் காது. நாளைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஆடியோகிராம் (காது கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். ஒரு காது நிரந்தரமாகக் கேட்காமல் போனாலே சட்டத்தில் அது கொடுங்காயம். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டு ஏ.ஆர். புத்தகத்தில் (விபத்துப் பதிவேடு) எழுதுவார், அங்கே நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். 'எதுக்கு வம்பு' என்று படியில் வழுக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

சி.எஸ்.ஆர். என்பது புகார் வாங்கியதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. அரசு போக்குவரத்துக் கழக டிரைவர் சட்டப்படி பொது ஊழியர். பணியில் இருப்பவரைத் தடுத்துக் கை வைத்தால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 132, இரண்டு வருடம் வரை சிறை. காயப்படுத்தினால் 121, ஐந்து வருடம் வரை. கொடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை போகும். 132, 121 இரண்டுமே ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத பிரிவுகள், சமாதானம் பேசி முடித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அதே அடியை வெறும் 115(2)-இல், அதாவது சாதாரண அடிதடியாக எழுதிவிட்டால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. (தனியார் பஸ் டிரைவர்களின் கதி பெரும்பாலும் இதுதான், பாவம்.) அதனால் புகாரிலேயே 'பணியில் இருந்தபோது' என்று தடம் எண், நேரம், இடத்தோடு எழுதிக் கொடுங்கள்.

அப்படியும் எஃப்.ஐ.ஆர். போடவில்லையா? எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது.

கண்டக்டர்தான் நேரடி சாட்சி. டிப்போவில் யாராவது அவரிடம் "நீ ஒதுங்கிக்கோப்பா" என்று சொல்வதற்குள் அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள், அன்றைக்கு பஸ்ஸில் யார் செல்போனில் வீடியோ எடுத்தார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.