எந்த ஸ்கடர் துரை?

கேள்வி: எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் சாகக் கிடந்த கொள்ளுப்பாட்டியை வேலூரில் 'ஸ்கடர் துரை' வைத்தியம் பார்த்துப் பிழைக்கவைத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர்தான் என்று எழுதலாமா? எப்படி உறுதி செய்வது?

பதில்: அப்படி எழுத வேண்டாம். உங்கள் வீட்டார் நான்கு தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கும் 'துரை' என்ற சொல்லே முதல் சாட்சி. அவர் ஆண். தாது வருஷம் 1876–77. ஐடா அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். பஞ்ச காலத்தில் ஆறு வயதுச் சிறுமி. அமெரிக்காவில் மருத்துவம் படித்து, மருத்துவராக அவர் இங்கே திரும்பியது 1900-இல்தான்.

ஆகவே அவருடைய தந்தையின் தலைமுறையில் தேடுங்கள். சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. குடும்பத்தின் மூலவர் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தார். 1836-இல் சென்னைக்கு வந்தார். கூட வந்தவர் மைரன் வின்சுலோ, பின்னாளில் பெரிய தமிழ் அகராதியை வெளியிட்டாரே, அவர்தான். மூத்த ஜான் 1855-இல் காலமாகிவிட்டதால் உங்கள் துரையாக இருக்க முடியாது. ஆனால் அவருடைய ஏழு மகன்கள் இந்தியாவில் பணி செய்தார்கள்: ஹென்றி மார்ட்டின், வில்லியம், ஜோசப், எசேக்கியேல், ஜாரெட், சைலஸ், கடைசியாக அப்பா பெயரையே தாங்கிய இரண்டாம் ஜான். முதல் மூவரும் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். ஹென்றி தமிழில் நூலே எழுதும் அளவுக்கு நம் மொழியில் தோய்ந்தவர். ராணிப்பேட்டையில் இன்றும் ஸ்கடர் பெயரில் நடக்கும் மருத்துவமனை, சைலஸ் 1866-இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது.

'டாக்டர்' என்ற பட்டத்தை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். சகோதரர்களில் பலர் போதகர், மருத்துவர் என இரண்டுமாக இருந்தவர்கள். அறிக்கைகளில் 'ஜே. டபிள்யூ. ஸ்கடர்' என்று வந்தால் அது ஜாரெட் வாட்டர்பரி. முதலெழுத்து எதுவும் சேராமல் வெறும் 'ஜான் ஸ்கடர்' என்று வந்தால் பெரும்பாலும் தம்பி. 'ஜே. ஸ்கடர்' என்று மட்டும் இருந்தால், ஊரையும் ஆண்டையும் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள். இந்த ஓர் எழுத்தில் தடுக்கி விழுந்த ஊர் வரலாறுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு அண்ணன் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

வேலூர், பஞ்ச காலம், மருத்துவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் என் கண் முதலில் போவது ஐடாவின் தந்தையான இரண்டாம் ஜான் மேல்தான். இது ஊகம். பதிவு கிடைக்கும்வரை ஊகம் என்றே எழுதுங்கள்.

பதிவுகளை எங்கே தேடுவது? கொள்ளுப்பாட்டி குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமென்றால் அந்த ஊர்ச் சபையின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளில் தொடங்குங்கள். இல்லையென்றால் ஆற்காடு மிஷனின் ஆண்டறிக்கைகள் உதவும். எந்த ஆண்டில் யார் எந்த ஊரில் இருந்தார் என்று அவற்றில் பார்க்கலாம். இந்த மிஷன் 1857-இல் அமெரிக்க மிஷன் வாரியத்திலிருந்து பிரிந்து சீர்திருத்த டச்சுத் திருச்சபையின் கீழ் வந்தது. அதற்கு முந்தைய தாள்களை ஹார்வர்டில் உள்ள வாரியத்தின் ஆவணங்களிலும், பிந்தையவற்றை நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்சுவிக் நகரில் உள்ள திருச்சபை ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. பழைய தமிழ்த் தாள்களில் 'ஸ்கடர்', 'ஸ்கட்டர்' என எழுத்து மாறி வரும். மாவட்டம் அன்று வட ஆற்காடு என்பதையும் மறக்காதீர்கள். 'ராணிப்பேட்டை மாவட்டம்' என்று தேடினால் 2019-க்குப் பிந்தைய செய்திகள்தாம் வரும்.

இன்னொன்று. உங்கள் தொகுப்பில் பிற்காலத்து வேலூர் நினைவுகளும் இருந்தால், அங்கே வரும் 'டாக்டர் ஐடா' இருவர். 1902-இல் வேலூரில் மருத்துவமனை திறந்து, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியவர் ஐடா சோஃபியா. கதிரியக்கத் துறையில் பணியாற்றியவர் அதே குடும்பத்து இளையவரான ஐடா பி. ஸ்கடர். 1960-க்குப் பிறகு 'டாக்டர் ஐடா எங்களைப் பார்த்தார்' என்று யாராவது சொன்னால் அது இளையவர்தான், ஏனென்றால் மூத்தவர் அந்த ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் காலமாகிவிட்டார்.

இப்போதைக்கு உங்கள் தொகுப்பில் இப்படி எழுதலாம்: "தாது வருஷப் பஞ்சத்தின்போது வேலூரில் ஸ்கடர் குடும்பத்து மருத்துவர் ஒருவர் சிகிச்சை அளித்ததாகக் குடும்ப நினைவு; அவர் இரண்டாம் ஜான் ஸ்கடராக இருக்கக்கூடும்." இதைச் சொன்னவர் யார், எந்த ஆண்டில் சொன்னார் என்பதையும் அடியிலேயே குறித்துவிடுங்கள். சொன்னவர் இன்னும் இருக்கிறார் என்றால் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் அவரிடம் போய் உட்காருங்கள்.