போர்வெல் தண்ணீர் நைட்ரேட் உரமாகுமா?

கேள்வி: எங்கள் போர் தண்ணீரைச் சோதித்ததில் நைட்ரேட் அதிகம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மின்சாரம் செலுத்தி அதை அம்மோனியாவாக, அதாவது உரமாக மாற்றலாம் என்கிறார்களே, நிஜமா?
(ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: நிஜம்தான், ஆனால் உங்கள் போருக்கு இல்லை.

இன்றைக்கு உரத்துக்கான அம்மோனியா ஹேபர்-பாஷ் முறையில், 400-500 டிகிரி சூட்டிலும் காற்றழுத்தத்தைப்போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் தயாராகிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனின் முப்பிணைப்பை உடைப்பது அவ்வளவு பாடு. நைட்ரேட் அந்த அளவுக்கு முரண்டு பிடிக்காது, தண்ணீரிலும் கரைந்தே இருக்கிறது, அதனால் சாதாரண வெப்பநிலையிலேயே வேலை நடக்கும்.

சிக்கல் வினையூக்கியில்தான், அதாவது வினையை வேகப்படுத்தும் உலோகத்தில். ஒரு நைட்ரேட் அம்மோனியாவாக 8 எலெக்ட்ரான், 9 புரோட்டான் வேண்டும், அதுவும் படிப்படியாக. முதலில் நைட்ரேட் ஓர் ஆக்சிஜனை இழந்து நைட்ரைட் ஆகும். அதைச் செம்பு ஜோராகச் செய்யும், அப்புறம் சுணங்கும். பாதியில் கழன்ற நைட்ரைட் தண்ணீரில் கலந்துவிட்டால் வம்பு, நைட்ரேட்டைவிட அது மோசமான நச்சு. மிச்சப் படிகளுக்கு ஹைட்ரஜனைப் பிடித்துத் தரும் ருத்தேனியம், கோபால்ட் மாதிரி ஓர் உலோகம் பக்கத்திலேயே வேண்டும். ருத்தேனியம் கூடிப்போனாலோ ஹைட்ரஜன் தனக்குள்ளேயே ஜோடி சேர்ந்து குமிழியாகப் போய்விடும், கரண்ட் தண்டம். எதை எவ்வளவு, எங்கே வைப்பது என்பதுதான் வினையூக்கி வடிவமைப்பின் முக்கால்வாசி. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகக் குழு செம்பு நானோகம்பிகளில் ருத்தேனியத்தைத் தூவி, லிட்டருக்கு 2000 மில்லிகிராம் இருந்த நைட்ரேட்டை 50-க்கும் கீழே இறக்கியது (2022). செலவான மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அம்மோனியாவுக்கே போனது.

அது ஆலைக் கழிவு நீரின் அளவு. குடிநீருக்கு நம் நாட்டு வரம்பே 45 மில்லிகிராம்தான், உங்கள் போரில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு இருந்தாலும் இந்த முறைக்கு அது வெறும் தண்ணீர். நைட்ரேட் வந்து சேராமல் மின்வாய் (வினையூக்கி இருக்கும், கரண்ட் பாயும் முனை) ஹைட்ரஜனைத்தான் கக்கும். போதாததற்கு, மின்வாய் ஓரம் காரத்தன்மை ஏறுவதால் வாட்டர் ஹீட்டர் காயிலில் படிவதுபோல வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். இப்போதைக்கு ஆர்.ஓ. போடுங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டி அடர்த்திதான் ஏறும். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க அந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: பொட்டாசியம் நைட்ரேட் வாங்கி இப்படி அம்மோனியா தயாரித்தால் லாபம் வருமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: வராது. கடையில் விற்கும் நைட்ரேட்டில் பெரும்பகுதி நைட்ரிக் அமிலத்திலிருந்து வருவது, அந்த அமிலம் அம்மோனியாவை எரித்துச் செய்வது. சுற்றிச் சுற்றி வந்து கரண்ட் பில் கட்டுவீர்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்டில் இதைத்தான் செய்கிறேன். நைட்ரேட் சேர்க்காத கரைசலிலும் அம்மோனியா காட்டுகிறது!
(ஒரு மாணவி, திருச்சி)

பதில்: காட்டும். ஆய்வகக் காற்று, கையுறை, முந்தைய சோதனையில் அம்மோனியத்தை (அம்மோனியா தண்ணீரில் எடுக்கும் அயனி வடிவம்) உறிஞ்சி வைத்த நாஃபியான் சவ்வு (மின்கலத்தின் இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் பிளாஸ்டிக் படலம்), எதிலிருந்தும் வரலாம். சவ்வை முதலில் மாற்றிப் பாருங்கள். நைட்ரேட் போட்டு கரண்ட் விடாமல் ஒருமுறை, கரண்ட் விட்டு நைட்ரேட் போடாமல் ஒருமுறை ஓட்டுங்கள். கைடு சம்மதித்தால் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான ஐசோடோப்பு) நைட்ரேட் கொஞ்சம் வாங்கி என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலை எடுங்கள். உங்கள் நைட்ரேட்டிலிருந்து வந்த அம்மோனியம் இரண்டு கோடாகவும், வெளியிலிருந்து வந்த சாதாரண அம்மோனியம் மூன்று கோடாகவும் விழும்.